ரெஜினா அக்காவின் ஒன்பதாவது பயணம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் அந்தோணி அண்ணனின் பெயர். ரெஜினா அக்காவின் கூடப்பிறந்தவர் அவர். பல ஆண்டுகளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். அவரே என்னைக் கூப்பிடுகிறார் என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். எடுக்காமல் அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எடுத்தேன்.

"சேகர், தங்கச்சி காலையில போயிட்டா. உடம்ப வீட்டுப் புளோக் கீழதான் வைக்கிறோம். யார்டு ஆளுங்களுக்கு நீயே சொல்லிடு" என்றார். சரி அண்ணே என்றேன். மீனை வாங்காமலே வெளியே வந்து, சிராங்கூன் சாலையில் பூக்கடைகள் வரை நடந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. திரும்பிப் போகத் தெம்பில்லை. கடையோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். உங்களில் பலருக்குச் செய்தி வந்தது அப்படித்தான்.

ஜூரோங் கப்பல் யார்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ரெஜினா அக்காவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் டேங்க்குகளுக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்வார்கள். உள்ளே காற்று கெட்டுப்போகலாம், ஆள் மயங்கி விழலாம். அதனால் ஒவ்வொரு டேங்க்கின் வாசலிலும் ஒருவர் காவல் நிற்க வேண்டும். இறங்குகிறவர் தன் பெயர் அட்டையை அங்கிருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார், ஏறி வந்ததும் தானே கழற்றிக்கொள்வார். பலகையில் ஒரு அட்டை மிச்சம் இருந்தாலும் காவல் நிற்பவர் நகரக் கூடாது. அடுத்தவர் அட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கா பார்த்த வேலை அது. யார்டில் அந்த வேலை பார்த்த பெண்கள் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். நான் மேலே அலுவலகத்தில், குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்து, அந்த வேலைகளுக்குப் பெர்மிட், அதாவது அனுமதித் தாள், எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பழக்கம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெர்மிட்டில் இடப்பக்க டேங்க்கை வலப்பக்கம் என்று எழுதிவிட்டேன். பாதுகாப்புத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், நான்கு மாடி ஏறி வந்து என் மேசையில் அந்தத் தாளை வைத்தார் அக்கா. சத்தம் போடவில்லை. "தம்பி, நேரத்தைத் தப்பா எழுது, பேரைத் தப்பா எழுது, பரவால்ல. இடத்தை மட்டும் தப்பா எழுதாத. உள்ள ஒருத்தன் விழுந்துட்டான்னா, நாங்க காலி டேங்க்ல போய்த் தேடிக்கிட்டு இருப்போம்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. அடுத்த வாரமே உணவகத்தில் என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்து, எதுவும் நடக்காதது போல ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

அக்கா பூன் லே வட்டாரத்தில் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றிப் பேசவும் விடமாட்டார். அண்ணனுக்கு மனைவி இறந்துவிட்டார். ஞாயிறு தவறாமல் இருவரும் மாதா கோவிலுக்குப் போவார்கள். அண்ணன் பாடகர் குழுவில் முன்வரிசை, அக்கா கடைசி பெஞ்சு. யார்டுக்கு வந்து போக அக்காவிடம் இருநூறு சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண்டில், அந்த வண்டியில் தனியாக மலேசியாவுக்குள் போய்க் கூடாரம் போட்டுத் தங்கி வரப்போவதாகச் சொன்னார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "இந்த வண்டி இத்தன வருஷமா பூன் லேக்கும் யார்டுக்கும் நடுவுலயே ஓடுது. அதுக்கும் வேற ரோடு பாக்கணும்னு இருக்காதா லா" என்றார்.

கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போகக் கூடாதா என்றேன். வேண்டாம் என்றார். ஆனால் வெளியே நிற்க ஓர் ஆள் வேண்டுமாம். பையிலிருந்து பழைய பெர்மிட் படிவம் ஒன்றை எடுத்தார். இடம், உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம் எல்லாம் தன் கையால் நிரப்பியிருந்தார். 'ஆபத்துகள்' என்ற கட்டத்தில் மழை, மாடு, லாரி என்று எழுதியிருந்தது. 'தடுப்பு நடவடிக்கை' என்ற கட்டத்தில் என் பெயர். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து எவ்வளவு களைப்பைக் கொண்டுவரும் என்று அப்போது தெரியாது.

நிபந்தனைகள் அவருடையவை. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்குள் கூடாரம் போட்டுவிட்டுச் செய்தி அனுப்புவார். வராவிட்டால் நான் மறுநாள் நண்பகல் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் அண்ணனுக்குச் சொல்லலாம். படம் எடுத்து அனுப்பமாட்டார். வரைபடத்தில் இருக்கும் இடத்தையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். "டேங்க்குக்குள்ள நான் எந்த மூலையில நிக்கிறேன்னு உனக்கு எதுக்கு? உள்ள இருக்கேன்னா இருக்கேன்" என்பார். வரும் செய்தியோ, தந்தி அடிக்கக் காசு பார்த்ததுபோல் இருக்கும். 'டெண்ட் போட்டாச்சு. சாப்பிட்டேன்.' கேமரன் மலையிலிருந்தும் அதுதான், தாய்லாந்து எல்லையிலிருந்தும் அதுதான். கென்யிர் ஏரிக்கு முதல்முறை போனபோது மட்டும் 'மழை' என்று ஒரு சொல் கூடுதலாக வந்தது.

எனக்குப் பயணம் ஒத்துவராது. மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலத்தைப் பேருந்தில் கடப்பதற்குள் வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்டவன் ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்தாறு நாள், நான் பார்க்கவே போகாத மலைகளுக்காகவும் கடற்கரைகளுக்காகவும் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கே எதிலும் மனம் ஒட்டாது. செய்தி வந்ததும் என் மனைவி, "உங்க டியூட்டி முடிஞ்சுதா? இப்பவாச்சும் சாப்பிடலாமா?" என்று கேட்பாள். ரெஜினா அக்கா திரும்பி வந்து நல்லாத் தூங்கினேன் என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். நான் தூங்கியிருக்க மாட்டேன்.

மூன்றாவது பயணத்தில் நான் சொதப்பினேன். மலேசியாவின் பேராக் மாநில வடகோடியில், கிரிக் ஊரைத் தாண்டிக் காட்டு வழியில் தெமெங்கோர் ஏரிப் பக்கம் போயிருந்தார். யானை கடக்கும் இடம் என்று சாலையில் பலகை வைத்திருக்கும் ஊர். ஆறு மணிக்குச் செய்தி வரவில்லை. ஏழு மணிக்கும் இல்லை. எட்டு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டுவிட்டேன். தங்கை எங்கே போகிறாள் என்ற முழு விவரம் அவருக்கு அதுவரை தெரியாது. மலாக்காவில் தோழி வீடு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பங்குச் சாமியாரைக் கூப்பிட, சாமியார் ஈப்போவில் யாரையோ கூப்பிட, அவர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். ஏரிக்கரையில் கூடாரத்துக்கு முன்னால் மேகி மீ கிளறிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள் போய் நின்றார்கள். அங்கே சிக்னல் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து என்னைப் பார்த்தபோது அக்கா சொன்னது ஒரே வரி. "நான் உள்ள இருக்கும்போதே என் அட்டையை நீ கழட்டிட்ட, சேகர்." அண்ணன் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எல்லாம் தெரிந்தும் மறைத்தவன் என்று என்மீது அவருக்குக் கோபம். அவரிடம் சொல்லிவிட்டேன் என்று அக்காவுக்கு என்மீது கோபம். அண்ணன், தங்கை இருவரும் ஒரே நேரத்தில் என்னை ஒதுக்கி வைத்தார்கள். இரண்டு மாதம் உணவகத்தில் தனியாகச் சாப்பிட்டேன். அந்த ஆண்டு முழுக்க அக்கா நிறுவனப் பேருந்தில்தான் வேலைக்கு வந்தார். அடுத்த ஆண்டு எப்படியோ சாவியைத் திரும்ப வாங்கி, மறுபடியும் ஒரு படிவத்தோடு என் முன்னால் வந்து நின்றார். வேறு ஆள் பார்க்கக் கூடாதா என்றேன். "ஒரு தடவ தப்புப் பண்ணவன் அடுத்த தடவ பயந்து நிப்பான். புது ஆளு தூங்கிடுவான்" என்றார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். முதல் சுற்று மருந்து முடிந்து முடி கொட்டியிருந்த சமயம், பூன் லே சந்தைப் பக்கம் கோப்பிக் கடைக்கு என்னை வரச் சொன்னார். தலையில் துணி கட்டியிருந்தார். கோப்பியைத் தொடவே இல்லை. அடுத்த சுற்றுக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் ஐந்து நாள் கென்யிர் ஏரிக்குப் போய்வரப் போகிறேன் என்றார். அண்ணனிடம் தியான இல்லத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டாராம். படிவம் வழக்கம்போல் நிரப்பித் தயாராக இருந்தது. முதல் நாள் செராத்திங் கடற்கரை, அடுத்த மூன்று நாள் கென்யிர்.

"அக்கா, இந்த உடம்போட எப்படி வண்டிய ஓட்டுவீங்க?"

"இந்த உடம்பு இதுக்கு மேல நல்லாகப் போறதில்ல, சேகர். டாக்டரு வாயால சொல்லல, மூஞ்சியில எழுதியிருக்கு."

"அண்ணன்கிட்ட மட்டுமாவது சொல்லிட்டுப் போங்களேன்."

"சொன்னா விடுவாரா? கதவப் பூட்டிட்டு முன்னால உட்கார்ந்து செபமாலை சொல்லுவாரு. நீ கையெழுத்துப் போடு. தெமெங்கோர் தடவ மாதிரி மட்டும் பண்ணிடாத."

போட்டேன். நீங்கள் என்னைக் குறை சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். யோசித்து எடுத்த முடிவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மறுத்து வாதாடும் தெம்பு எனக்கு இல்லை, அவருக்கும் இல்லை. அதுதான் உண்மை.

முதல் நாள் சாயந்திரம் ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், அவர் வழக்கமாக அடிப்பதுபோல. ஆனால் நீளமாக இருந்தது. 'செராத்திங் வந்தாச்சு. கடல் பக்கத்துலயே டெண்ட். மணல் இன்னும் சூடா இருக்கு. உன்ன மாதிரி ஸ்லிப்பர் போட்டுக்கிட்டு நடக்குறேன், பாத்தா சிரிப்ப.' மறுநாள் ஏரியிலிருந்து வந்தது: 'தண்ணிக்குள்ள செத்த மரமெல்லாம் அப்படியே நிக்குது, ஒரு இல கெடையாது. ஒண்ணு மேல ஒரு பறவ உக்காந்து என்னையே பாக்குது. மழ இப்பதான் விட்டுச்சு. தண்ணி மேல புகை மாதிரி வருது.' மூன்று முறை படித்தேன். மனைவிக்கும் படித்துக் காட்டினேன். "அக்காவுக்கு இப்படியெல்லாம் எழுத வருமா?" என்று கேட்டாள். எனக்கும் ஆச்சரியம்தான்.

மூன்றாம் நாள் காலையில் அந்தோணி அண்ணன் கூப்பிட்டார். தியான இல்லத்துக்குத் தொலைபேசி செய்திருக்கிறார். அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். "என் தங்கச்சி எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். சொல்லு" என்றார். தெரியும் அண்ணே, நல்லா இருக்காங்க, தினமும் எனக்குச் செய்தி வருது, நாளை மறுநாள் வந்துடுவாங்க, இடத்தைச் சொல்ல மாட்டேன் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை. போனை வைத்துவிட்டார். அன்று சாயந்திரம் வந்த செய்தி: 'இன்னைக்கு வண்டியத் தொடல. கால நீட்டி உக்காந்திருக்கேன். ரொம்ப டயர்டா இருக்கு சேகர். ஆனா நல்லா இருக்கு.'

நான்காம் நாள் சாயந்திரமும் ஒரு செய்தி வந்தது. சொன்னபடி ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த சுற்று மருந்தை உடம்பு தாங்கவில்லை. ஏழாவது வாரம் மருத்துவமனையில் கண்ணை மூடினார்.

அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை மூன்று நாள் வைத்திருந்தார்கள். பங்கு மக்கள் வந்து செபமாலை சொன்னார்கள், யார்டு ஆட்கள் கடலை கொறித்துக்கொண்டு பழைய கதை பேசினார்கள். இரண்டாம் நாள் அண்ணன் என்னைத் தூண் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "இப்பவாச்சும் சொல்லு. எங்க போயிருந்தா?" கென்யிர் ஏரி என்றேன். கைப்பேசியைத் திறந்து அந்த நான்கு செய்திகளையும் படித்துக் காட்டினேன். பாதியில் கைப்பேசியை வாங்கி மிச்சத்தை அவரே படித்தார். "அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளு என் கூட இருந்திருக்கலாம். நீ நெனச்சிருந்தா இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்டாய் தகனச் சாலை வரை அந்த வார்த்தைகள்தான் என்னோடு வந்தன.

பத்து நாள் கழித்து, பூன் லே வீட்டுக்கு வா என்று அண்ணனே கூப்பிட்டார். சமையலறை மேசையில் அக்காவின் கைப்பேசி இருந்தது. முந்தின நாள் அதில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ரோஸ்னா என்ற மலாய் அம்மா. ஜொகூரின் கிழக்குக் கரையில், கென்யிருக்குப் பாதி வழிகூட ஆகாத மெர்சிங்கில் சின்னத் தங்குமிடம் நடத்துகிறவர். காக் ரெஜினா, அதாவது ரெஜினா அக்கா, எப்படி இருக்கிறார், மருந்து முடிந்ததா என்று விசாரித்திருக்கிறார். இறந்துவிட்டதை அண்ணன் சொன்னதும் அழுதிருக்கிறார். பிறகுதான் மீதியைச் சொல்லியிருக்கிறார்.

அக்கா மெர்சிங்கைத் தாண்டவே இல்லை.

முதல் நாள் மதியமே வண்டியை அந்த வாசலில் நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் நின்றாராம். ரோஸ்னாவும் அவர் கணவரும் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். நான்கு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாயந்திரமானால் அக்கா வாசற்படியில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருப்பாராம். கென்யிர் பக்கம் இன்று மழையா என்று ரோஸ்னாவிடம் கேட்பாராம். ரோஸ்னாவின் தங்கை அந்த ஏரிக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்களாம். கடைசி நாள் அக்கா வண்டியை ஓட்ட, ரோஸ்னாவின் கணவர் கோத்தா திங்கி வரை தன் லாரியில் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"என்கிட்ட தியான இல்லம்னா. உன்கிட்ட ஏரின்னா. ரெண்டு பேருக்கும் பொய்" என்றார் அண்ணன். சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. "நல்லவேளை, கஞ்சி குடிச்சிருக்கா" என்றார் பிறகு. எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இடத்தைத் தப்பாக எழுதாதே என்று பத்துப் பேர் முன்னால் என்னைக் கண்டித்தவர், தன் கடைசிப் பயணத்தில் இடத்தைத் தப்பாக எழுதினார். அந்த நாட்களில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் ஆட்களைக் கென்யிருக்கு அனுப்பியிருப்பேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் அண்ணனிடம் கெட்ட பெயர் வாங்கினேன். பூன் லேயிலிருந்து லிட்டில் இந்தியா வரை எம்ஆர்டி ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். இனி யாருக்காகவும் எந்த வாசலிலும் நிற்பதில்லை என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, மெர்சிங்கில் எழ முடியாமல் கிடக்கிறேன் என்று அவர் எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். அண்ணனைக் கூப்பிட்டிருப்பேன். ஒரு மணி நேரம்கூடப் பொறுத்திருக்க மாட்டேன். ஆம்புலன்ஸ் போயிருக்கும், அந்த வாசற்படிச் சாயந்திரங்கள் அவருக்குக் கிடைத்திருக்காது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். தெமெங்கோருக்குப் பிறகு அவர் என்னை மன்னித்தார், முழுதாக நம்பவில்லை. அது வலிக்கிறது. ஆனால் அவர் நினைத்தது சரி.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. என்னை ஏமாற்ற வழக்கமான மூன்று சொற்களே போதுமே. டெண்ட் போட்டாச்சு, சாப்பிட்டேன் என்று அடித்துவிட்டுப் படுத்திருக்கலாம். நிற்கத் தெம்பில்லாத ஆள் எதற்குப் படியில் உட்கார்ந்து, அங்கே மழையா என்று விசாரித்து, மரம், பறவை, புகை என்று எழுதினார்? அந்தச் செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு, இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எட்டு முறை நான் வாசலில் நின்றதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவருடைய தலைக்கவசத்தை எடுத்துக்கொள்கிறாயா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது அந்த நான்கு செய்திகள்தான். இடம் தப்பு என்று தெரிந்தும் அவற்றை அழிக்கவில்லை. உண்மையாகப் போய்வந்த எட்டுப் பயணங்களிலும் அக்கா தனியாகத்தான் போனார். போக முடியாத ஒன்பதாவதில்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கென்யிர் ஏரியில் மழை விட்டிருந்தது, தண்ணீர்மேல் புகை எழுந்தது, நானும் அங்கே இருந்தேன்.